அந்தத் தாய்க்கு யார் இருக்கிறார்கள்?

இரவு 11 மணி. லைன் வீடு, அதாவது ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகள். நாலாவது வீட்டில் கைக்குழந்தை ஒரு மணி நேரமாக அழுகிறது. அப்புறம் பளீரென்று ஓர் அடி விழும் சத்தம், அழுகை இன்னும் ஓங்குகிறது, கூடவே அந்தப் பெண்ணும் அழுகிறாள். மறுநாள் காலை குழாயடியில் என்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும். "பெத்தவளா இவ, பேயா?"

பச்சைக் குழந்தையை அடிப்பது தப்பு, அதில் வாதம் கிடையாது. ஆனால் குழந்தை நலத்தில் பல வருடம் வேலை பார்த்தவர்கள் அதே ராத்திரியைப் பார்த்து வேறொரு கேள்வி கேட்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ள அவளுக்கு யார் இருந்தார்கள்? 'சமூக ஆதரவு வலை' என்று புத்தகங்களில் கொஞ்சம் விறைப்பாக வரும் சொல்லுக்கு அர்த்தம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கஷ்டம் வரும்போது ஒருவர் யார் யாரைக் கூப்பிட முடியும், கூப்பிட்டால் அவர்கள் வருவார்களா, வந்தால் பாரம் குறையுமா கூடுமா என்பது. கடைசியில் உள்ள அந்த 'கூடுமா' தான் பலருக்குத் தோன்றாத விஷயம். அதற்கு வருகிறேன்.

குழந்தைக் கொடுமை என்றதும் சூடு போடுவது, பெல்ட்டால் விளாசுவது மாதிரியான செய்திகள்தான் நினைவுக்கு வரும். அதுவும் உண்டு. ஆனால் அமெரிக்கா மாதிரி இதையெல்லாம் எண்ணிப் பதிந்து வைக்கிற நாடுகளில் உறுதியான புகார்களில் பெரும்பங்கு அடி உதை அல்ல, கவனிக்காமல் விடுவது: வேளைக்குச் சோறு இல்லை, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஆள் இல்லை, மூன்று வயசுப் பிள்ளை பூட்டிய வீட்டுக்குள் தனியாக. "நீ பொறந்ததே தண்டம்" என்று தினமும் நாக்கால் குத்துவதும் கொடுமைக் கணக்கில்தான் வரும்.

1962இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஹென்றி கெம்பே என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 'கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்' என்று தூக்கிவரப்படும் குழந்தைகளின் எக்ஸ்ரேயில் புது முறிவும் பழைய முறிவும் சேர்ந்தே தெரிகிறதே, இது விழுந்த காயம் இல்லையே என்று வெளிப்படையாகச் சொன்ன கட்டுரை அது. அதற்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இதைக் கண்ணைத் திறந்து பார்த்தது. முதல் வேகத்தில் எல்லோரும் தேடியது பெற்றோரின் மனக் கோளாறை. போகப் போக, மனநோய் எதுவும் இல்லாத சாதாரண ஆட்கள்தான் இதில் அதிகம் என்று தெரிய வந்தது. வறுமை, சின்ன வயசு, புருஷன் இல்லை அல்லது இருந்தும் இல்லை, ஊரில் பேச ஒரு ஆள் கிடையாது. பிற்பாடு கெம்பேயின் குழுவே, மருத்துவப் பட்டமெல்லாம் இல்லாத சாதாரண மனிதர்களை இப்படிப்பட்ட வீடுகளுக்குத் துணையாக அனுப்பிப் பார்த்தது.

தனிமை எப்படி அடியாக மாறுகிறது? பிறந்த குழந்தையின் அழுகை வாரா வாரம் கூடிக்கொண்டே போய் ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டாலும் நிற்காது. தூக்கமே இல்லாத ஒருத்திக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். நம் ஊரில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பி மூன்று மாதம், ஐந்து மாதம் வைத்திருக்கிற வழக்கம் இந்த ஆறாவது வாரத்தை அப்படியே மூடிவிடுகிறது, கவனித்தீர்களா? ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டி எழுந்து "குடு இங்க, நீ படு" என்று வாங்கிக்கொள்கிறாள். யாரும் இதற்குத் திட்ட அறிக்கை எழுதவில்லை. ஆனால் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதால் இரண்டு வீடும் கதவைச் சாத்திய பெண்ணுக்கு அந்தப் பாட்டி கிடையாது. அம்மாவே இல்லாதவளுக்கும், பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்தவளுக்கும் அப்படித்தான்.

துணை என்பதிலும் ரகம் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, கைமாற்றாக 500 ரூபாய் கொடுப்பது ஒரு ரகம். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று காது கொடுத்துக் கேட்பது இன்னொன்று. எந்த ஆஸ்பத்திரி, எந்த விண்ணப்பம் என்று விவரம் சொல்வது வேறு. "நீ நல்லாத்தான் பாத்துக்கற" என்று ஒரு வார்த்தை சொல்வதும் துணைதான், அதைத்தான் நாம் ரொம்பக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறோம். ஒரே ஆள் எல்லாவற்றையும் தர முடியாது, அதனால்தான் வலை என்கிறார்கள்.

வீடு நிறைய ஆள், ஆனாலும் தீவு

அந்த 'பாரம் கூடுமா' என்ற கேள்விக்கு இப்போது வரலாம். டென்னசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் வாலர் என்ற உளவியலாளர் 1980இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சின்ன ஆய்வுதான், வருமானம் குறைந்த 18 தாய்மார்களும் அவர்களுடைய பிள்ளைகளும். முரண்டு பிடிக்கிற பிள்ளையை அடிக்காமல் கத்தாமல் எப்படிக் கையாளுவது என்று அந்தத் தாய்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி நடந்தவரை நன்றாக வேலை செய்தது. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பழையபடி ஆகிவிட்டது.

இத்தோடு விட்டிருந்தால் 'இவர்களைத் திருத்த முடியாது' என்று யாராவது எழுதி முடித்திருப்பார்கள். வாலர் இன்னொன்றையும் குறித்து வைத்திருந்தார், தினமும் அந்தத் தாய் வெளியாட்கள் யார் யாருடன் பேசினாள், அந்தப் பேச்சு அவளுக்கு எப்படி இருந்தது என்று. சிநேகிதிகளோடு நிறையப் பேசிப் பழகிய நாட்களில் அதே தாய் அதே பிள்ளையிடம் கடுகடுப்புக் குறைவாக நடந்துகொண்டாள். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் அவர்களுக்கு அரிது. அவர்களைச் சுற்றி ஆள் இல்லாமல் இல்லை. உறவுக்காரர்கள் வந்தார்கள், அரசு அலுவலர்கள் வந்தார்கள். கூப்பிடாமல் வந்து, குறை சொல்லி, புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். இப்படிச் சிக்கிக்கொண்ட தாயைக் குறிக்க வாலர் தீவு என்ற அர்த்தம் உள்ளே இருக்கிற ஒரு சொல்லைப் பயன்படுத்தினார்.

எனக்கு இது அமெரிக்கக் கதை மாதிரியே தோன்றவில்லை. கூட்டுக் குடும்பம் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது என்று நம் ஆட்கள் மார்தட்டுவார்கள் இல்லையா, அவர்களுக்காக வேலூர்ப் பக்கத்து ஆய்வு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிரசவித்த பெண்களைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியானது. குழந்தை பிறந்தபின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் சுமார் 11 சதவீதம். அதற்கான காரணிகளின் பட்டியலைப் பாருங்கள்: குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, கர்ப்ப காலத்தில் நடந்த துயரங்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை, அப்புறம் மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் உறவுச் சிக்கல். மனச்சோர்வு வந்த தாய் எல்லாம் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவாள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை. ஆனால் வீட்டில் ஆள் இருப்பதும் துணை இருப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. "பொட்டையப் பெத்துட்டு உக்காந்திருக்கா" என்று நாளுக்கு நாலு தடவை சொல்லும் மாமியார் ஆளாகக் கணக்கில் வருவார், துணையாக வரமாட்டார்.

ஒரு தாளும் பேனாவும்

சரி, ஒரு தாயின் வலை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி? சமூகப் பணியாளர்கள் ஒரு படம் போடச் சொல்வார்கள். 1970களில் ஆன் ஹார்ட்மன் என்ற அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் கொண்டுவந்த முறை. நடுவில் ஒரு வட்டம், அது அந்தக் குடும்பம். சுற்றிலும் சின்ன வட்டங்கள்: அம்மா வீடு, பக்கத்து வீடு, வேலை, ஆஸ்பத்திரி, கோயில், கடன்காரர், யாரெல்லாம் வாழ்க்கையில் வந்துபோகிறார்களோ எல்லாம். பலமான உறவுக்கு அழுத்தமான கோடு. மெலிந்த உறவுக்குப் புள்ளிக்கோடு. தொல்லை தரும் உறவுக்குக் குறுக்குக்கீற்றுப் போட்ட கோடு. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பலம் போகிறது என்பதற்கு அம்புக்குறி.

கற்பனையாக ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். தருமபுரிப் பக்கத்துப் பெண், 22 வயசு, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூரில் லைன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வயசில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. புருஷனுக்குச் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட். அவள் படத்தைப் போட்டால்: புருஷன், அழுத்தமான கோடுதான், ஆனால் சம்பள நாளன்று குடித்துவிட்டு வந்தால் அதன்மேல் குறுக்குக்கீற்றும் விழும். அம்மா, புள்ளிக்கோடு, அப்பாவுக்குத் தெரியாமல் வாரம் ஒரு போன். மாமியார் வீடு, கோடே இல்லை. வாடகை வாங்க வரும் வீட்டு ஓனரம்மா, குறுக்குக்கீற்று. மைக்ரோ ஃபைனான்ஸ் வசூலுக்கு வாரா வாரம் வருகிறவர், அதுவும் குறுக்குக்கீற்று, ஒருவேளை அவள் வீட்டுக் கதவைத் தவறாமல் தட்டுகிற ஒரே வெளியாள் அவர்தான். அங்கன்வாடி டீச்சர், புள்ளிக்கோடு. தடுப்பூசி நர்ஸம்மா, புள்ளிக்கோடு. அடுத்த வீட்டு ஒடிசாக்காரப் பெண், மொழி தெரியாது, குழந்தையைப் பார்த்தால் சிரிப்பாள், புள்ளிக்கோடு.

தாளைத் திருப்பிப் பாருங்கள். எட்டுப் பேர் இருக்கிறார்கள். இரவு 11 மணிக்குக் கூப்பிட ஒருவரும் இல்லை.

இப்படி வரைந்ததும் வேலை எங்கே என்று தெரிந்துவிடுகிறது. புதிதாக ஒரு பெரிய வட்டத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதைவிட, இருக்கிற புள்ளிக்கோடுகளில் எதை அழுத்தமாக்க முடியும் என்று பார்ப்பது சுலபம். அம்மாவோடு பேச்சு இருக்கிறது, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசை இருக்கும், அப்பாவைச் சமாதானம் செய்ய ஊரில் யாராவது மாமா சித்தப்பா இருப்பார்களா? ஒடிசாப் பெண்ணுக்கும் சின்னப் பிள்ளை இருந்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாமா? இந்த மாற்றி மாற்றி என்பது ரொம்ப முக்கியம். வாங்கிக்கொண்டே இருக்கிற உறவு சீக்கிரம் அறுந்துபோகும், கொடுக்கிறவர் அலுத்துப்போவார், வாங்குகிறவள் கூசிப்போவாள். அவளும் எதையாவது திருப்பிக் கொடுக்கும்போதுதான் கோடு நிற்கும், அது ஒரு கிண்ணம் ரசமாக இருந்தாலும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜேம்ஸ் காடினும் சக ஆய்வாளர்களும் 1980களில் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்ட குடும்பங்களிடம் இதைத்தான் முறையாகச் செய்து பார்த்தார்கள். விட்டுப்போன உறவுகளைச் சமூகப் பணியாளர் நேரில் போய்ப் பேசி மீட்பது, தன்னார்வலர் ஒருவரை இணைப்பது, அக்கம்பக்கத்தில் இயல்பிலேயே உதவும் குணமுள்ளவரைக் கண்டுபிடித்துக் கோத்துவிடுவது, ஒத்த நிலையில் உள்ள தாய்களைக் குழுவாகச் சேர்ப்பது, அதோடு மனிதர்களிடம் பழகவே சொல்லித் தருவது. கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சின்ன வயசிலிருந்தே அடியும் ஏமாற்றமும் மட்டும் பார்த்தவளுக்கு ஒரு வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்குவதும், உதவி கேட்பதும், கோபம் வந்தால் உறவை முறிக்காமல் சொல்வதும் தெரியாமல் இருக்கும். 'அவ யார்கூடயும் ஒட்டமாட்டா' என்று நாம் சொல்லும் பெண்களில் பாதிப் பேர் இந்த ரகம் என்பது என் கணிப்பு.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் 1973இல் மார்கரெட் ஹாரிசன் தொடங்கிய ஹோம்-ஸ்டார்ட் இன்னும் எளிமையானது. பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ள ஒரு சாதாரணத் தன்னார்வலர், ஐந்து வயசுக்குக் கீழே பிள்ளை உள்ள வீட்டுக்கு வாரம் ஒருமுறை போவார். பாத்திரம் கழுவலாம், பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம், சும்மா டீ குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம். கலிஃபோர்னியாவில் 1970ஐ ஒட்டி உருவான கதை வேறு மாதிரி. தன் மகளைத் தானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்த ஒரு தாய், ஜாலி கே. என்று மட்டும் உலகுக்குத் தெரிந்தவர், தன் சமூகப் பணியாளர் லெனர்ட் லீபரோடு சேர்ந்து 'மதர்ஸ் அனானிமஸ்' என்று ஒரு குழுவைத் தொடங்கினார். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிறார்களே, அந்த மாதிரி. "நேத்து எம்பொண்ண தூக்கி எறிஞ்சிருப்பேன்" என்று சொன்னால் அதிர்ச்சி அடையாமல் கேட்கிற நாலு பேர் இருக்கும் அறை. பிற்பாடு அப்பாக்களும் வந்தார்கள், பெயர் 'பேரன்ட்ஸ் அனானிமஸ்' ஆனது. அம்மாக்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாயே, அப்பன்மார் எங்கே என்று கேட்டீர்களானால் நியாயமான கேள்வி. பிள்ளையோடு தனியாக விடப்படுபவள் பெரும்பாலும் அவள் என்பதால் ஆய்வுகளும் திட்டங்களும் அவளையே சுற்றின, பழியும் அங்கேயே சுற்றியது.

எல்மைரா

இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசும் ஊர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள எல்மைரா. டேவிட் ஓல்ட்ஸ் என்ற உளவியலாளர் இளம் வயசில் பால்டிமோரில் ஏழைக் குழந்தைகளின் பகல் பராமரிப்பு மையம் ஒன்றில் வேலை பார்த்தவர். நாலு வயசுப் பிள்ளைகளைப் பார்த்து, இவர்களில் சிலருக்கு நாம் வருவதற்குள் காலம் கடந்துவிட்டது, வயிற்றில் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். 1970களின் கடைசியில் எல்மைராவில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 400 பெண்களைச் சேர்த்தார். பெரும்பாலோர் பதின்வயசினர், அல்லது மணமாகாதவர்கள், அல்லது ஏழைகள். யாருக்கு எந்த உதவி என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கர்ப்ப காலம் தொட்டுக் குழந்தைக்கு இரண்டு வயசு ஆகும்வரை நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வருவார். கர்ப்பத்தில் சராசரியாக 9 தடவை, பிறந்தபின் 23 தடவை. பெரும்பாலும் அதே நர்ஸ்.

அந்த நர்ஸ் என்ன செய்தார்? உடம்பைப் பார்த்தார், பிள்ளை ஏன் அழுகிறது என்று சொல்லிக்கொடுத்தார், படிப்பு வேலை பற்றிப் பேசினார். இவற்றோடு, வருகிற நேரத்தில் அவளுடைய அம்மாவையோ தோழியையோ காதலனையோ கூட உட்கார வைத்துப் பேசினார். தான் போனபிறகும் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான் என்பதால்.

15 வருடம் கழித்துப் பதிவேடுகளைப் பார்த்தபோது, கர்ப்பத்திலிருந்து இரண்டு வயசுவரை நர்ஸ் வந்துபோன வீடுகளில் உறுதியான குழந்தைக் கொடுமைப் புகார்கள் மற்ற வீடுகளைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தன. அதே தரவை 2000இல் வேறு கோணத்தில் அலசியபோது இன்னொன்று வெளிவந்தது, இதைத்தான் திட்ட விளம்பரங்களில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. வீட்டில் பெண்ணுக்கு அடி உதை அதிகமாக அதிகமாக நர்ஸால் வந்த பலன் குறைந்துகொண்டே போனது. அந்த 15 வருடத்தில் 28 சம்பவங்களுக்கு மேல் சொன்ன பெண்களின் வீடுகளில் பலன் தென்படவே இல்லை. அவள் அடி வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேசுவதற்கு முன்னால் செய்யவேண்டியது வேறு. சில வீடுகளில் பிள்ளையை உடனடியாகப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றத்தான் வேண்டும், வலை பின்னுகிறேன் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதே திட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 2016இல் முடிவு வெளியிட்டார்கள். முதல் இரண்டு வருடத்துக்கு எதிர்பார்த்த முக்கியப் பலன்கள் எதுவும் காணோம். அங்கே எல்லாத் தாய்க்கும் அரசு நர்ஸ் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார், அதற்கு மேல் கூடுதலாகச் செய்தது பெரிதாகத் தெரியவில்லை என்பது பலர் சொல்லும் விளக்கம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருவர் வருவதும், ஏற்கெனவே ஒருவர் வரும் இடத்தில் இன்னொருவர் வருவதும் ஒன்றாகாது.

நம் பக்கம் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதுதான் நல்ல செய்தி. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுய உதவிக் குழு, சமுதாய வளைகாப்பு. இலங்கையில் வீடு தேடி வரும் மருத்துவ மாது, அதாவது அரசு மருத்துவச்சி. கர்ப்பிணியின் எடை, குழந்தையின் எடை, ஊசி தேதி எல்லாம் பதிவேட்டில் ஏறுகின்றன. "ராத்திரி புள்ள அழுதா யாரும்மா வாங்கிக்கறாங்க?" என்ற ஒரு கேள்வியையும் அதே வருகையில் கேட்கலாம், அதற்குத் தனிப் பட்ஜெட் வேண்டாம். பதில் "யாருமில்ல" என்று வந்தால் அடுத்த வாரம் மறுபடி அந்த வீட்டுக்குப் போக நேரம் வேண்டும், அதற்குத்தான் பட்ஜெட் வேண்டும். ஏற்கெனவே பத்து வேலை பார்க்கிற நர்ஸம்மாவின் தலையில் பதினோராவதாக இதைக் கட்டிவிட்டு எல்மைராவின் பலனை எதிர்பார்ப்பது நடக்காது.

இதைப் படிக்கிற நீங்களே அந்தத் தாயாக இருந்தால், கை ஓங்கப்போகிறது என்று தோன்றும் நொடியில் குழந்தையைத் தொட்டிலிலோ தரையில் விரித்த பாயிலோ மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பத்து நிமிஷம் நில்லுங்கள். அழட்டும். பத்திரமான இடத்தில் கிடந்து அழுகிற குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். அப்புறம் யாரையாவது கூப்பிடுங்கள். யாருமே இல்லையென்றால் இந்தியாவில் மனநல உதவிக்கு 14416, வீட்டில் உங்களுக்கு அடி விழுகிறது என்றால் 181, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. இலங்கையில் மனநலத்துக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

நீங்கள் அடுத்த வீட்டுக்காரர் என்றால், புத்தி சொல்லப் போகாதீர்கள், அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நான் சின்ன வயசில் இருந்த லைனில் ஒரு அக்கா, இப்படி எந்த வீட்டிலாவது சத்தம் கேட்டால் கறிவேப்பிலை கேட்டுப் போய் நிற்பார். ராத்திரி எத்தனை மணியானாலும் கறிவேப்பிலைதான். "குழந்தைய குடு, நீ போய் தேடி எடுத்துட்டு வா" என்று வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். அவர் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.